ஜெபத்துக்குத் தவணை

குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று எழுதாத எழுத்தாளன் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு ஒரு குழந்தையிடம் பொய்யும் சொல்லியிருக்கிறேன். அது கெட்ட எண்ணத்தோடு சொன்ன பொய் அல்ல, அன்பினால் சொன்னது. ஆனால் அன்பினால் சொல்லும் பொய்தான் அதிக நாள் உயிரோடிருந்து அதிகத் தீங்கு செய்கிறது என்பதை அந்தக் குழந்தையிடமே கற்றுக்கொண்டேன்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது கம்பம் பள்ளத்தாக்கில். தேனியில் பஸ் ஏறிச் சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெற்கே போகப் போக, இரு பக்கமும் மலைகள் மெல்ல நெருங்கி வரும். நடுவில் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமாகப் பசுமை. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. என் தங்கையின் வீடும் அப்படி ஒரு வீடு. மாலை மணி அடித்ததும் வேலையை வைத்துவிட்டு எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த மண்ணில் எதற்கும் ஒரு தவணை உண்டு. ஜூன் மாதம் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறப்பார்கள் என்று பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் காத்திருக்கும். திராட்சைக் கொடியில் கவாத்து வெட்டினால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை அறுக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் பெருமைகளில் ஒன்று, ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும் என்பது. இங்கே வாழ்கிறவர்கள் நாளை எண்ணியே பிழைக்கிறவர்கள். அந்த ஊர்க் காற்றை நாலு நாள் சுவாசித்ததனால்தானோ என்னவோ, நானும் ஒரு தவணை சொல்லிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம். என் தங்கையின் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய தம்பிக்கு மூன்று வயது ஆகியும் பேச்சு வரவில்லை. “ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்” என்று அப்பத்தா சொல்லிக்கொண்டிருந்தாள். சிறுமிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஜெபமாலை முடிந்து பெரியவர்கள் எழுந்த பிறகும் அவள் மட்டும் முழங்காலில் நின்று தனியாக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வாள். அது தம்பியின் பேச்சுக்காக. ஒரு நாள் என் நாற்காலியின் அருகில் வந்து நின்றாள்.

“மாமா, சேசுகிட்ட எம்புட்டுத் தடவை கேக்கணும்?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘எனக்குத் தெரியாது, கண்ணு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நீ நம்பிக்கையோடு விடாமல் கேள். கிறிஸ்துமஸுக்குள் தம்பி பேசிவிடுவான்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. என் தங்கையின் முகமும் மலர்ந்ததைக் கவனித்தேன். ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரை மகிழ்வித்துவிட்ட திருப்தியோடு ஊர் திரும்பினேன்.

மறுபடி நான் அங்கே போனது ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து. மாலை மணி அடித்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். சிறுமியும் இட்டாள். ஆனால் உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை. ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்விட்டாள். பையன் திண்ணையில் ஒரு தீப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பேச்சு வரவில்லை.

மறுநாள் பந்தலடியில் அவளைத் தனியே பிடித்து விசாரித்தேன். நெடுநேரம் கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“காணிக்கை போடச் சொல்லி அம்மா அஞ்சு ரூவா குடுத்தாங்க மாமா. நான் தேன்மிட்டாய் வாங்கித் தின்னுட்டேன். அதனாலதான் தம்பிக்குப் பேச்சு வரல.”

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. ‘நம்பிக்கையோடு கேட்டால் கிடைக்கும்’ என்று மாமா சொன்னார். கிடைக்கவில்லை. மாமா பொய் சொல்ல மாட்டார். சேசுவும் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் குற்றவாளி யார்? கணக்கில் மிச்சம் நிற்பது ஒரே ஆள்தான். ஏழு வயதுக் குழந்தை தன் தம்பியின் ஊமைத்தனத்தை ஐந்து மாதமாகத் தன் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. சுமையை ஏற்றி வைத்தவன் நான்.

இதோடு போகவில்லை. என் தங்கையிடம் பேசியபோது இன்னொன்று தெரிந்தது. கார்த்திகையில் மதுரைக்கு அழைத்துப் போய்ப் பையனை டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் எண்ணியிருந்தாளாம். “நீங்கதான் கிறிஸ்துமஸுக்குள்ள பேசிருவான்னு சொன்னீங்களேண்ணே, பாத்துக்கிட்டுப் போகலாம்னு விட்டுட்டேன்” என்றாள். அதைக் குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். சோதித்துப் பார்த்த டாக்டர், பையனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் சக்தி மிகவும் குறைவு என்றார். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு எப்படி வரும்? கருவி வைத்துப் பயிற்சி கொடுக்கலாம், எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இன்னும் முன்னமே வந்திருக்கலாம் என்றார். ‘முன்னமே’ என்று அவர் சொன்ன காலத்தில் ஐந்து மாதம் என்னுடையது.

குழந்தைகளுக்கு ஜெபம் கற்றுக் கொடுக்கும் பெற்றோரையும் உபதேசியார்களையும் நான் பரிகாசம் செய்ய வரவில்லை. என்னைவிட நல்லவர்கள் அவர்கள். ஆனால் பதில் வராத ஜெபத்தைப் பற்றிக் குழந்தை கேட்கும்போது நாம் வழக்கமாக மூன்று விடைகள் வைத்திருக்கிறோம். மூன்றையும் ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் விடை: ‘உனக்கு விசுவாசம் போதாது.’ இதைவிடக் கொடிய விடை வேறில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுநாதரே முகங்குப்புற விழுந்து, அந்தத் துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடினார் என்று சுவிசேஷம் சொல்கிறது. பாத்திரம் நீங்கவில்லை. பவுல் அப்போஸ்தலர் தம் உடலிலிருந்த ஒரு முள் நீங்க மூன்று தடவை வேண்டினார். முள் நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று எந்தச் சாமியாராவது பிரசங்கம் செய்வாரா? பெரியவர்களுக்குச் சொல்லத் துணியாததைக் குழந்தைக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்? குழந்தை எதிர்த்துக் கேட்காது என்பதனால்தானே?

இரண்டாவது விடை: ‘விடாமல் கேட்டால் கட்டாயம் கிடைக்கும்.’ இது நான் சொன்ன விடை. இதற்கு லூக்கா சுவிசேஷத்தில் வரும் விதவையின் கதையைச் சான்று காட்டுவார்கள். நீதி கெட்ட நியாயாதிபதி ஒருவன். நாள்தோறும் போய் நச்சரித்த ஏழை விதவை. கடைசியில் தொல்லை தாங்காமல் அவன் நியாயம் வழங்கினான். இதைக் கேட்கும் குழந்தை, கடவுளும் நச்சரித்தால் இறங்கி வருகிற ஓர் அதிகாரி என்று முடிவு கட்டிவிடுகிறது. கதை சொல்ல வந்தது அதற்கு நேர்மாறு. கெட்ட நியாயாதிபதியே காது கொடுத்தான் என்றால், அவனைப் போல் அல்லாத தகப்பன் எவ்வளவு காது கொடுப்பான் என்பதுதான் அதன் கருத்து. சோர்ந்து போகாதே என்று அந்தக் கதை சொல்கிறது. எந்தத் தேதியில் என்று சொல்லவில்லை. தேதி போட்டது நம் கைவேலை.

மூன்றாவது விடை கொஞ்சம் நாகரிகமானது: ‘கிடைக்காததும் உன் நன்மைக்கே.’ இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டோனாவூர் அம்மாவின் கதையைச் சொல்வார்கள். டோனாவூர் கத்தோலிக்கர்களின் ஊர் அல்ல. ஆனால் நல்ல கதைக்குச் சபை வேலி கிடையாது. ஏமி கார்மைக்கேல் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போது, தம் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டு, விடிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. பின்னாளில் அவர் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த சிறுமிகளைக் காக்கும் வேலையில் இறங்கினார். சேலை கட்டி, மேனிக்குச் சாயம் பூசிக்கொண்டு ஊர்ப்பெண் போலப் போக நேர்ந்தபோது அந்தப் பழுப்புக் கண்களே உதவின என்பார்கள். நீலக் கண்கள் காட்டிக் கொடுத்திருக்கும்.

அழகான கதைதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை ஞாயிறு வகுப்புகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1931 அக்டோபரில், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் ஏமி அம்மையார் குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதன்பின் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு கிடந்து, 1951 ஜனவரியில் டோனாவூரில் காலமானார். அவரை ‘அம்மா’ என்று அழைத்து வளர்ந்த ஒரு கூட்டம் பிள்ளைகள் அந்தச் சுவருக்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? நீலக் கண் கிடைக்காததற்குக் காரணம் சொல்லிவிட்டோம். இந்த இருபது ஆண்டு வலிக்கு என்ன காரணம் சொல்வது? அந்த அறையில் இருந்துகொண்டும் அவர் பல நூல்கள் எழுதினார் என்பது உண்மை. நடக்க முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார் என்று சொல்ல நாம் யார்? தம் கல்லறைக்கு மேல் கல் நாட்ட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பிள்ளைகள் பறவைகள் வந்து நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றுக்கு அவர்கள் விளக்கம் எழுதி வைக்கவில்லை. நான் அந்தத் தொட்டியை நினைத்துக்கொள்வதுண்டு.

மூன்று விடையும் போன பிறகு என்னதான் சொல்வது? மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் நான் சிறுமியிடம் போய் உட்கார்ந்தேன். ஒரு மனிதன் தன்னைவிட நாற்பது வயது குறைந்த ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பது எளிதல்ல.

“கிறிஸ்துமஸ் தேதியைச் சேசு சொல்லவில்லை, கண்ணு. மாமாவாகச் சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தது மாதிரிச் சொல்லிவிட்டேன். தம்பிக்குக் காது கேட்காததால்தான் பேச்சு வரவில்லை. உன் தேன்மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அப்ப எப்ப பேசுவான்?” என்றாள்.

“தெரியாது.”

“பேசவே மாட்டானா?”

“அதுவும் தெரியாது. டாக்டருக்கும் நிச்சயமாகத் தெரியாது.”

குழந்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. ஏதோ கனத்த பொருளை இறக்கி வைத்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டாள். ‘தெரியாது’ என்ற சொல்லைத் தாங்கும் வலு குழந்தைக்கு உண்டு. அந்த வலு எனக்கு இல்லாததால்தான் முதல் நாள் அதைச் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

அந்த விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் லோயர் கேம்ப்புக்கு அழைத்துப் போனேன். கூடலூரைத் தாண்டி, குமுளி மலையடிவாரத்தில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2013-ல் திறந்தது. பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் படம் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. சிலையின் அருகே உட்கார்ந்து கதையை ஆதியிலிருந்து சொன்னேன்.

மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினால் வறண்ட சீமை பிழைக்கும் என்று 1789-லேயே எண்ணினார் இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. ஆளனுப்பி மலையைப் பார்த்து வரச் செய்தார். பணம் இல்லாமல் நின்றுவிட்டது. 1808-ல் கால்டுவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி வந்து பார்த்து, இது நடவாத கனவு என்று எழுதிவிட்டுப் போனார். நடுவில் 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வந்து மனிதர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1887-ல் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடி கட்டினார். காட்டுக் காய்ச்சலிலும் விபத்திலும் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. எண்ணம் தோன்றி 106 ஆண்டுகள் கழித்து.

சிறுமி விரல் விட்டு ஏதோ எண்ணினாள். “அப்ப அந்தப் பிள்ளை தாத்தா தண்ணி வந்ததைப் பாக்கலையா மாமா?”

“பார்க்கவில்லை.”

“பஞ்சத்துல செத்தவங்க?”

“அவர்களும் பார்க்கவில்லை.”

அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ‘பார்த்தாயா, காத்திருந்தால் கிடைக்கும்’ என்று முடித்துவிட நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அப்படி முடித்தால் அது இன்னொரு தவணை. பஞ்சத்தில் மழைக்காக வேண்டிக்கொண்டே இறந்தவர்களின் முகத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. நான் அவளுக்குக் காட்ட விரும்பியது வேறு. கேட்பவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் கேட்டவர்கள் யாரும் முட்டாள்கள் அல்ல. தண்ணீர் வேண்டும் என்ற நினைவை யாராவது ஒருவர் விடாமல் வைத்திருந்ததால்தான் அடுத்தவர் கையில் மண்வெட்டி ஏறியது.

கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது என்றால் ஜெபம் எதற்கு என்று என் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சிறுமியைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தம்பிக்காக இரவுதோறும் முழங்காலிட்டவள்தான், பகலில் தம்பியைக் கூர்ந்து பார்த்தவள். திருவிழாவில் பெரிய மேளம் அடிக்கும்போது அவன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரிக்கிறான் என்பதை வீட்டில் வேறு யாரும் கவனிக்கவில்லை; அவள் கவனித்திருந்தாள். மதுரையில் டாக்டர் கேட்டபோது அதைச் சொன்னவளும் அவளே. ஒருவருக்காக நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறவர் அவரை மறந்து போக முடியாது. ஜெபம் என்றால் இவ்வளவுதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இதற்குமேல் உள்ளது கடவுளுக்கும் அந்தக் குழந்தைக்கும் இடையிலுள்ள விஷயம். ஆனால் இவ்வளவுகூட இல்லாத ஜெபம் வெறும் மனு. மனுவைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அதுதான் என் தவறு.

ஆகவே பெற்றோர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஜெபிக்கச் சொல்லுங்கள், தேதி சொல்லாதீர்கள். கிடைக்காததற்குக் காரணம் கற்பிக்காதீர்கள். முக்கியமாக அந்தக் காரணத்தைக் குழந்தைக்குள் தேடாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டியதற்கு டாக்டரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாமல் குழந்தையின் பக்கத்திலேயே இருங்கள். காத்திருப்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ளச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

போன மாதம் மறுபடி அங்கே போயிருந்தேன். பையனுக்கு இப்போது ஐந்து வயது. காதில் கருவி மாட்டியிருக்கிறான். வாரம் இரண்டு நாள் பயிற்சி. ஓரிரண்டு சத்தங்கள் வருகின்றன. சொல் என்று சொல்ல முடியாது. இனியும் எவ்வளவு வரும் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதும் இல்லை.

மாலை மணி அடித்தது. ஜெபமாலை தொடங்கியது. சிறுமி தம்பியைத் தன் முன்னால் உட்கார வைத்து, அவன் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். குரலின் அதிர்வு கைக்குத் தெரியட்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததாம். அவள் சத்தமாக ஜெபம் சொல்லச் சொல்ல, அவன் கண்ணை அகல விரித்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் அவள் ஒரு கணம் நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்களும் வந்து சொல்லுங்க. உங்க குரல் தடிச்ச குரல். அவனுக்கு நல்லாத் தெரியும்.”

எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் முழங்காலிட்டேன். சின்னஞ்சிறு கை ஒன்று என் கழுத்தில் வந்து பதிந்தது. எனக்கு ஜெபமாலையில் பாதி மறந்து போயிருந்தது. நினைவிருந்த மட்டும் உரக்கச் சொன்னேன்.